குழந்தையின் தட்டைப்பாதம்: அறுவை யாருக்கு, எப்போது?

குளித்துவிட்டு ஈரக்காலோடு ஓடும் பிள்ளையின் தடம் சிமெண்டுத் தரையில் இடைவெளியே இல்லாமல் முழுசாகப் பதிவதைக் கண்டுதான் பல வீடுகளில் இந்தக் கவலை தொடங்குகிறது. பாட்டி சொல்வார், பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் சொல்வார், காலணிக் கடைக்காரர்கூடச் சொல்வார். பிறகு ஆர்ச் வைத்த ஷூ, அதற்குள் இன்சோல், மாதக்கணக்கில் பயிற்சி. ஏதோ ஒரு கட்டத்தில் 'ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும்' என்ற பேச்சும் காதில் விழுகிறது. அத்தோடு பெற்றவர்களின் தூக்கம் போகிறது.

குழந்தைகளின் தட்டைப்பாதத்துக்கு அறுவை சிகிச்சை உண்டு. நூறாண்டுக் காலத்தில் பல வகைகள் வந்திருக்கின்றன. சில மறைந்தும் போயின. யாருக்குச் செய்வது, எந்த வயதில் செய்வது, எதை எதிர்பார்த்துச் செய்வது என்பதில்தான் சிக்கல். இதுவரை நடந்த ஆய்வுகளும் அறுவை மருத்துவர்களின் அனுபவமும் இதற்கு என்ன விடை தருகின்றன என்பதை ஒருசேர வைத்துப் பார்க்க முயல்கிறது இக்கட்டுரை. பார்த்தபின் கிடைக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பாதத்தின் தோற்றத்துக்காக எந்தக் குழந்தையையும் அறுவை மேசையில் ஏற்றக் கூடாது, வலியோடும் விறைப்போடும் வரும் குழந்தையை 'வளர்ந்தால் சரியாகும்' என்று திருப்பி அனுப்பவும் கூடாது.

வளைவு எப்போது வருகிறது?

பிறக்கும்போது ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் பாதம் தட்டைதான். உள்ளங்காலில் கொழுப்பு தடித்திருக்கும். எலும்புகளைப் பிணைக்கும் இணைநார்கள் நெகிழ்ந்திருக்கும். எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். எழுந்து நின்றதும் உடல் எடை இறங்கி, உள்வளைவு அமிழ்ந்துவிடும்.

1987இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் லின் ஸ்டாஹெலியும் அவருடைய சகாக்களும், குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை 882 பாதங்களின் தடங்களை எடுத்து அளந்தார்கள். பாதவளைவு முதல் பத்து ஆண்டுகளில் தானாகவே உருவாகிறது என்றும், இயல்பான பாதங்களுக்குள்ளேயே வளைவின் அளவு பெரிதும் மாறுபடுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். எந்தச் சிகிச்சையும் பெறாத பாதங்கள் அவை. 2006இல் ஆஸ்திரியாவில் 3 முதல் 6 வயது வரையுள்ள 835 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். 3 வயதில் 54 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம். 6 வயதில் அது 24 சதவீதம்தான். நோய் என்று சொல்லத்தக்க தட்டைப்பாதம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆண் குழந்தைகளிடமும் எடை கூடிய குழந்தைகளிடமும் தட்டைப்பாதம் அதிகம் இருந்தது. அக்குழந்தைகளில் பத்தில் ஒருவர் ஏற்கெனவே பாதத்துக்கு ஆர்ச் தாங்கி அணிந்திருந்தார் என்பதும் அதே ஆய்வில் வருகிறது. தேவைப்பட்டவர்களைவிடப் பல மடங்கு பேருக்குச் சிகிச்சை நடந்திருக்கிறது.

இந்தியாவிலிருந்து வந்த ஆய்வு ஒன்று இத்துறையில் உலகெங்கும் பேசப்படுகிறது. மணிப்பாலின் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 குழந்தைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். முன்புறம் மூடிய ஷூ அணிந்தவர்களுக்கு அதிகம், செருப்பு அணிந்தவர்களுக்குக் குறைவு, வெறுங்காலர்களுக்கு எல்லாரிலும் குறைவு. 1995இல் சச்சிதானந்தமும் ஜோசப்பும் 1846 பெரியவர்களிடம் இதைத் தொடர்ந்தார்கள். ஆறு வயதுக்கு முன்பே ஷூ போடத் தொடங்கியவர்களில் 3.24 சதவீதம் பேருக்கும், 16 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் 1.75 சதவீதம் பேருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. ஒரே காலத்தில் எடுத்த கணக்கு என்பதால் ஷூதான் காரணம் என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ஆனாலும், மண்ணிலும் மணலிலும் வெறுங்காலோடு ஓடிய குழந்தைக்கு அதனால் கேடு ஏதும் வரவில்லை என்பது தெளிவு.

ஷூவும் இன்சோலும் என்ன செய்யும்?

அறுவைக்கு முந்தைய படி ஷூவும் இன்சோலும். டென்னிஸ் வெங்கரும் சகாக்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகச் சோதித்தது. 1 முதல் 6 வயது வரையுள்ள 129 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சிகிச்சையே இல்லை. மற்றவர்களுக்குத் திருத்தக் காலணி, குதிகால் கிண்ணம், அளவெடுத்துச் செய்த இன்சோல் என்று ஆளுக்கு ஒன்று. மூன்று ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது எல்லாப் பிரிவுகளிலும் பாதம் முன்னேறியிருந்தது. பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இன்சோல் வளைவைக் கட்டவில்லை, வயதுதான் கட்டியது.

16 ஆய்வுகளையும் 1058 குழந்தைகளையும் உள்ளடக்கி 2022இல் வெளிவந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. வலியில்லாத, நெகிழ்வான (நுனிக்காலில் நின்றால் வளைவு எழும்பும்) தட்டைப்பாதத்துக்கு விலைகூடிய இன்சோலால் பயன் என்று சொல்ல வலுவான சான்று இல்லை. வலி உள்ள குழந்தைக்கு மட்டும் கதை வேறு. மெத்தென்ற இன்சோல், நல்ல ஷூ, கெண்டைத்தசையை நீட்டும் பயிற்சி ஆகியவை நடக்கும்போது வரும் வலியைக் குறைக்கலாம். நோக்கம் வலியைத் தணிப்பதே. வளைவை உண்டாக்குவது அல்ல. இந்த வேறுபாட்டை மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டால், 'இன்சோல் போட்டும் வளைவு வரவில்லை, இனி ஆபரேஷன்தான்' என்ற தவறான ஏணியில் பெற்றோர் ஏறமாட்டார்கள்.

பரிசோதனை அறையில் ஐந்து நிமிடம்

அறுவையா இல்லையா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஸ்கேன் இல்லாமலே விடை கிடைத்துவிடும். குழந்தையை முழங்காலுக்குக் கீழே துணியில்லாமல், வெறுங்காலோடு, முதுகைக் காட்டி நிற்க வைக்க வேண்டும். தட்டைப்பாதத்தில் குதிகால் வெளிப்பக்கம் சாய்ந்து, பின்னாலிருந்து பார்த்தாலும் சிறுவிரல்கள் வெளியே எட்டிப் பார்க்கும். இனி நுனிக்காலில் நிற்கச் சொல்லவேண்டும். குழந்தை எம்பியதும் உள்வளைவு எழும்பி, குதிகால் உட்பக்கம் திரும்பினால் அது நெகிழ்வான பாதம். திரும்பாமல் அப்படியே கிடந்தால் விறைத்த பாதம்.

நிற்கும்போதே பெருவிரலை மேலே மடக்கிப் பார்ப்பது இன்னொரு சோதனை. ஜாக் என்ற மருத்துவர் பெயரால் வழங்குவது. பெருவிரல் உயரும்போது உள்ளங்காலின் தடித்த நார்ப்பட்டை, கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவதுபோல் விரல் மூட்டைச் சுற்றி இறுகி வளைவை மேலே தூக்குகிறது. இந்த இயக்கத்தை 1954இல் விளக்கியவர் ஹிக்ஸ். வளைவு எழும்பினால் பாதத்தின் இயந்திரம் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள்.

மூன்றாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதுதான் முக்கியம். குழந்தையைப் படுக்க வைத்து, குதிகாலை நேராக்கிப் பிடித்து, முழங்காலை நீட்டியபடி பாதத்தை மேலே மடக்கிப் பார்க்க வேண்டும். பிறகு முழங்காலை மடக்கிக்கொண்டு அதையே செய்ய வேண்டும். குதிகால் நாண் இறுகியிருந்தால் பாதம் மேலே வராது. முழங்காலை நீட்டும்போது மட்டும் இறுகினால் கெண்டைத்தசையின் மேற்பகுதியில் குறை; இரண்டிலும் இறுகினால் நாண் முழுவதும் குட்டை.

இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்பதைக் கனடா ராணுவம் உலகுக்குக் காட்டியது. ஹாரிஸ், பீத் என்ற இரு மருத்துவர்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 3600க்கும் மேற்பட்ட சிப்பாய்களின் பாதங்களை ஆராய்ந்து, 1947, 1948ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். நெகிழ்வான தட்டைப்பாதம் உள்ள சிப்பாய்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே அணிவகுத்து நடந்தார்கள். தொல்லைப்பட்டவர்கள், தட்டைப்பாதத்தோடு குதிகால் நாணும் குட்டையாக இருந்தவர்கள். நாண் குட்டையானால் கணுக்கால் மடங்க வேண்டிய இடத்தில் பாதத்தின் நடுப்பகுதி உடைந்து மடங்குகிறது. எடை, கணுக்காலுக்குக் கீழுள்ள தாலஸ் எலும்பின் தலையில் இறங்கி, உள்பக்கத்தில் தோல் தடித்து வலிக்கிறது. இன்று அறுவைக்கு வரும் நெகிழ்வான தட்டைப்பாதங்களில் பெரும்பாலானவை இந்த வகையே.

மூட்டுகளை இறுக்கிய காலம்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அறுவை மருத்துவர்களின் வழி எளிது: அமிழும் மூட்டை அசையாமல் சேர்த்துவிடுவது. அமெரிக்காவில் மைக்கேல் ஹோக் 1931இல் விவரித்த முறையில், உள்வளைவின் நடுவிலுள்ள நாவிகுலர், கியூனிபார்ம் எலும்புகளை ஒட்டவைத்து, குதிகால் நாணையும் நீட்டினார்கள். ஆரம்பத்தில் வளைவு எழும்பியது. ஆண்டுகள் செல்லச்செல்ல, இறுக்கிய மூட்டுக்குப் பக்கத்து மூட்டுகளில் பாரம் ஏறி வலி திரும்பியது. 1967இல் வெளிவந்த நீண்டகால மதிப்பீடு இம்முறைக்குச் சாதகமாக இல்லை. அத்தோடு அது மெல்ல வழக்கொழிந்தது.

1952இல் போஸ்டனின் டேவிட் கிரைஸ் இளம்பிள்ளை வாதத்தால் தளர்ந்த பாதங்களுக்காக ஒரு முறையைக் கொண்டுவந்தார். மூட்டின் பரப்பைத் தொடாமல், தாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் இடையிலுள்ள வெளிப்பள்ளத்தில் எலும்புத் துண்டை ஒட்டுவைத்து நிறுத்துவது. சிறுபிள்ளைகளின் எலும்பு வளர்ச்சி தடைபடாது என்பது அதன் சிறப்பு. போலியோ மலிந்திருந்த நாட்களில் பல குழந்தைகளுக்கு அது உதவியது. வளர்ந்த பிள்ளைகளுக்கு, 1923இல் ரையர்சன் முறைப்படுத்திய மூன்று மூட்டு இணைப்பு வழக்கத்தில் இருந்தது.

மூட்டை இறுக்குவதன் விலை என்ன? அயோவாவில் மூன்று மூட்டு இணைப்பு செய்துகொண்ட 57 பேரை, சராசரி 44 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 1999இல் வந்தது. அவர்களில் 54 பேர் அறுவையால் நிறைவு கண்டதாகவே சொன்னார்கள். ஆனால் கணுக்காலிலும் பக்கத்து மூட்டுகளிலும் தேய்மானம் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போயிருந்தது. வேறு வழியற்ற, விறைத்துச் சிதைந்த பாதத்துக்கு இது இன்றும் தகுந்த கடைசிப் புகலிடம். நெகிழ்வான பாதத்தோடு ஓடியாடும் பத்து வயதுப் பிள்ளைக்கு இது சிகிச்சை ஆகாது.

எலும்பை வெட்டி மூட்டைக் காப்பது

திருப்பம் வேல்ஸ் நாட்டின் கார்டிஃபிலிருந்து வந்தது. டில்வின் எவன்ஸ், பாதம் உட்பக்கம் மடங்கிப் பிறக்கும் வளைபாதக் குறைக்கு அறுவை செய்துவந்தவர். பாதத்துக்கு உள்ளும் வெளியுமாக இரண்டு நிரைகள் உண்டு. வளைபாதத்தில் வெளிநிரை நீளம் என்று கருதி அதைக் குறைத்தார். திருத்தம் மிகையாகிப்போன சில பாதங்கள் எதிர்த்திசையில் தட்டையாகின. அதைக் கண்டவர், தட்டைப்பாதத்தில் வெளிநிரை குட்டையாகிவிட்டது, அதை நீட்டினால் பாதம் நேராகும் என்று முடிவுக்கு வந்தார். 1975இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றைய அறுவையின் அடித்தளம். அதைச் செப்பனிட்டு, துல்லியமான முறையாக்கியவர் சியாட்டிலின் வின்சென்ட் மோஸ்கா. 1995இல் 20 குழந்தைகளின் 31 பாதங்களில் தாம் செய்த அறுவைகளை அவர் வெளியிட்டார். 29 பாதங்களில் பலன் நிறைவாக இருந்தது.

அறுவை மேசையில் நடப்பது இது. பாதத்தின் வெளிப்புறத்தில் தோலைத் திறந்து, அங்கு ஓடும் நரம்பையும் பெரோனியல் தசைநாண்களையும் ஒதுக்கிப் பாதுகாக்கிறார்கள். இறுகியிருக்கும் குட்டைப் பெரோனியல் நாணை நீட்டிவிடுகிறார்கள். குதிகால் எலும்புக்கும் அதன் முன்னேயுள்ள கியூபாய்டு எலும்புக்கும் இடைப்பட்ட மூட்டு விலகிவிடாமல் ஒரு கம்பியைக் குறுக்கே செலுத்துகிறார்கள். பிறகு அந்த மூட்டுக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் குதிகால் எலும்பைச் சாய்வாக அறுக்கிறார்கள். வெட்டு வாயை விரிப்பானால் மெதுவாகத் திறக்கத் திறக்க, வெளியே சறுக்கியிருந்த முன்பாதம் உள்ளே திரும்புகிறது, குதிகால் நேராகிறது, அமிழ்ந்திருந்த வளைவு மேலே வருகிறது. மூன்று குறைகளும் ஒரே வெட்டில் சேர்ந்து திருந்துவதுதான் இந்த முறையின் அழகு. திறந்த இடைவெளியில், வெளிப்புறம் அகலமும் உட்புறம் குறுகலுமாகச் செதுக்கிய எலும்புத் துண்டை வைக்கிறார்கள். அது இடுப்பெலும்பிலிருந்து எடுத்ததாகவோ எலும்பு வங்கியிலிருந்து பெற்றதாகவோ இருக்கலாம்.

வேலை அத்தோடு முடிவதில்லை. உள்பக்கத்தில் தொய்ந்துபோன மூட்டுறையையும் பின்காலெலும்புத் தசைநாணையும் இழுத்து இறுக்க வேண்டும். குதிகால் நாண் குட்டையாக இருந்தால் கட்டாயம் நீட்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் குறை திரும்பும். குதிகால் நேரானபின் முன்பாதம் முறுக்கிக்கொண்டு நின்றால், உள்பக்கக் கியூனிபார்ம் எலும்பிலும் ஒரு வெட்டு தேவைப்படும். பிறகு முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. 6 முதல் 8 வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது. இரண்டு காலிலும் குறை இருந்தால் பெரும்பாலும் தனித்தனியாகச் செய்கிறார்கள். பள்ளி, கழிவறை, மாடிப்படி என்று வீட்டின் ஒழுங்கு முழுவதும் சில மாதம் மாறும் என்பதைக் குடும்பம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

சிக்கல்களும் உண்டு. எலும்பு ஒட்டு அமிழலாம். குதிகால் எலும்புக்கும் கியூபாய்டுக்கும் இடைப்பட்ட மூட்டு விலகலாம். வெளிநரம்பு மரத்துப்போகலாம். திருத்தம் குறையலாம், மிகையாகவும் போகலாம். பாதத்தின் வெளிவிளிம்பில் புதிதாக வலி தோன்றலாம்.

இதற்கு மாற்றாக வேறு இரண்டு வெட்டுகள் வழக்கில் உள்ளன. 1971இல் கூட்சோஜியானிஸ் விவரித்த முறையில், சாய்ந்த குதிகால் எலும்பின் பின்பகுதியை அறுத்து உட்பக்கம் நகர்த்திப் பொருத்துகிறார்கள். குதிகாலின் சாய்வை அது சரிசெய்யும். முன்பாதத்தின் விலகலை அதனால் மட்டும் திருத்த முடியாது. 1998இல் ராத்ஜென், முபாரக் இருவரும் குதிகால், கியூபாய்டு, கியூனிபார்ம் ஆகிய மூன்று எலும்புகளிலும் வெட்டுப் போடும் முறையை வெளியிட்டார்கள். 2012இல் இதையும் எவன்ஸ் வழிவந்த முறையையும் ஒப்பிட்டார்கள். இரண்டின் பலனும் ஏறத்தாழ ஒன்றே. எவன்ஸ் முறையில் தாலஸ், நாவிகுலர் உறவு எக்ஸ்ரேயில் நன்றாகத் திருந்தியது. சிக்கல்கள் மூன்று வெட்டு முறையில் குறைந்திருந்தன.

ஒரு சின்னத் திருகு

பெற்றோரிடம் அதிகம் பரவியிருக்கும் பேச்சு ஆர்த்ரோஎரைசிஸ் பற்றியது. தாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவே வெளிப்புறமாக உள்ள பள்ளத்தில் ஒரு சிறு உள்வைப்பைச் செலுத்துவதோ, குதிகால் எலும்பில் ஒரு திருகைப் போட்டு அதன் தலை தாலஸை முட்டும்படி வைப்பதோ இதன் முறை. தாலஸ் அளவுக்கு மீறிச் சறுக்காமல் அது தடுக்கிறது. இத்தாலி, ஸ்பெயின் நாடுகளில் இது வெகுவாக நடக்கிறது. சிறு வெட்டு, குறைந்த நேரம், எலும்பு அறுப்பு இல்லை, விரைவில் நடக்கலாம், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். பெரும்பாலும் 8 முதல் 12 வயதுக்குள் செய்கிறார்கள்.

இந்த எளிமையே ஆபத்தும் ஆகிறது. எளிய அறுவை என்பதால் தேவையில்லாத குழந்தைக்கும் செய்துவிடத் தோன்றும். வலியே இல்லாத குழந்தைக்கு, வளைவு இன்னும் தானாக வளரக்கூடிய வயதில் திருகைப் போட்டு, சில ஆண்டுகளில் வளைவு வந்துவிட்டது என்று காட்டினால், அது திருகின் பலனா, வயதின் பலனா? ஒப்பிடுவதற்கு அறுவை செய்யாத குழந்தைகளின் கூட்டம் இல்லாதவரை இதற்கு விடை கிடையாது. 2011இல் மெட்காஃபும் சகாக்களும் 76 வெளியீடுகளை அலசினார்கள். சிக்கல்கள் 4.8 முதல் 18.6 சதவீதம் வரையிலும், திட்டமிடாமல் உள்வைப்பைக் கழற்ற நேர்ந்தது 7.1 முதல் 19.3 சதவீதம் வரையிலும் பதிவாகியிருந்தன. கழற்ற நேர்ந்ததற்கு அடிக்கடி சொல்லப்பட்ட காரணம், உள்வைப்பு இருக்கும் இடத்திலேயே வந்த வலி. வலியில்லாமல் வந்த பிள்ளை வலியோடு திரும்புவதற்கு இது வழி. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல், இம்முறையின் பாதுகாப்புக்கும் பலனுக்கும் போதிய தரமான சான்று இல்லை என்று கூறி, தனி ஏற்பாடுகளோடும், பெற்றோருக்கு இதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற்றும், பலனைப் பதிவுசெய்துமே செய்யவேண்டும் என்று அறிவுறுத்தியது. தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்கு, வலி தீராத நிலையில், இது பயன்படக்கூடும். தடுப்பு நடவடிக்கையாக இதைச் செய்ய நியாயம் இல்லை.

விறைத்த பாதம்: தவறவிடக் கூடாதது

இதுவரை சொன்னது நெகிழ்வான பாதத்தைப் பற்றி. நுனிக்காலில் நின்றாலும் வளைவு எழும்பாத பாதம் வேறு வகை. அங்கே பொறுத்திருப்பது தவறாகலாம்.

இதில் மூன்று நிலைகள் உண்டு. முதலாவது, பாத எலும்புகள் பிறவியிலேயே பிரியாமல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் நிலை. நூறில் ஒருவர் அளவுக்கு இது இருக்கலாம். பாதிப்பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். சிறுவயதில் அந்த ஒட்டு குருத்தெலும்பாக இருப்பதால் தெரிவதில்லை. அது எலும்பாக இறுகும்போது தொல்லை தொடங்கும்: குதிகாலுக்கும் நாவிகுலருக்கும் இடைப்பட்ட ஒட்டு என்றால் 8 முதல் 12 வயதில், தாலஸுக்கும் குதிகாலுக்கும் இடைப்பட்டது என்றால் 12 முதல் 16 வயதில். அதுவரை நன்றாக விளையாடிய பிள்ளை அடிக்கடி கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும், மேடுபள்ளத்தில் நடக்கத் தயங்கும், விளையாட்டைக் கைவிடும். சாய்வாக எடுத்த எக்ஸ்ரேயில் முதல் வகை தெரியும், இரண்டாவதற்குச் சி.டி. ஸ்கேன் வேண்டும். சில வார மாவுக்கட்டு பலருடைய வலியைத் தணிக்கும். தணியாவிட்டால் ஒட்டுப்பாலத்தை வெட்டியெடுத்து, மீண்டும் ஒட்டாமலிருக்க நடுவில் கொழுப்பையோ தசையையோ வைக்கிறார்கள். தாலஸுக்கும் குதிகாலுக்கும் இடைப்பட்ட மூட்டின் பின்பரப்பில் பாதிக்குமேல் ஒட்டியிருந்தாலோ, குதிகால் மிகச் சாய்ந்திருந்தாலோ, வெட்டியெடுப்பது மட்டும் போதாது.

இரண்டாவது, பிறந்த குழந்தையின் உள்ளங்கால் கீழ்நோக்கிக் குவிந்திருக்கும் செங்குத்துத் தாலஸ் நிலை. ஏறத்தாழ 10,000 பிறப்புகளுக்கு ஒன்று. பாதிக் குழந்தைகளுக்கு நரம்பு அல்லது மரபுக் குறையும் உடனிருக்கும். இது தானாகச் சரியாகாது. முன்பெல்லாம் பாதத்தைச் சுற்றிலும் திறந்து பெரிய அறுவை செய்தார்கள். அதன் பின்விளைவாகப் பாதம் விறைத்துப்போவது வழக்கம். 2006இல் மேத்யூ டாப்ஸ் 11 குழந்தைகளின் 19 பாதங்களில் வேறு வழியைக் காட்டினார். வாராவாரம் மாவுக்கட்டை மாற்றிப் பாதத்தைப் படிப்படியாகத் திருப்பி, கடைசியில் ஒரு கம்பியால் மூட்டை நிறுத்தி, குதிகால் நாணைச் சிறு துளைவழி வெட்டிவிடுவது. குழந்தை நடக்கத் தொடங்குமுன் முடிந்துவிடும். வளைபாதத்தைத் தொடர் மாவுக்கட்டுகளால் திருத்தும் முறையை வகுத்த மருத்துவர் பொன்செட்டியின் புரட்சியை எதிர்த்திசையில் பயன்படுத்திய முறை இது. இத்துறையில் அண்மையில் நேர்ந்த நல்ல மாற்றம் இதுவே என்று தயங்காமல் சொல்லலாம்.

மூன்றாவது, பெருமூளை வாதம் போன்ற நரம்புக் குறைகளால் வரும் தட்டைப்பாதம். இங்கே தசைகளின் இழுப்பு ஓயாது. பாதம் ஆண்டுக்காண்டு மோசமாகும். காலில் போடும் தாங்கி பொருந்தாமல் தோல் புண்ணாகும். நடக்கும் பிள்ளைகளுக்குக் குதிகால் எலும்பை நீட்டும் அறுவை இவ்வகையில் பெரிதும் பயன்படுகிறது. மிகக் கடுமையான நிலையில் மூட்டு இணைப்பும் தேவைப்படுகிறது.

வேலைக்காகப் பாதத்தை வெட்டலாமா?

தமிழ்நாட்டில் பலரை மருத்துவமனைக்கு இழுத்து வருவது வலியல்ல, வேலைவாய்ப்பு. மத்திய ஆயுதக் காவல் படைகளின் ஆள்சேர்ப்பு அறிவிக்கைகளில் தட்டைப்பாதம் இருக்கக் கூடாது என்ற வரி உண்டு. பிள்ளை ஏழாம் வகுப்பில் இருக்கும்போதே இதை நினைத்து அறுவை கேட்கும் தகப்பன்மாரைக் குறைசொல்ல முடியாது. அரசு வேலை ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றும். ஆனால் ராணுவ அதிகாரித் தேர்வுக்கான மருத்துவ விதிகளைப் படித்தால், நுனிக்காலில் நிற்கும்போது வளைவு எழும்பி, பாதம் நெகிழ்வாகவும் வலியின்றியும் இருந்து, நுனிக்காலில் நன்றாக ஓட முடிந்தால் ஏற்கலாம் என்றே இருக்கிறது. ராணுவ மருத்துவமும் பாதம் வேலை செய்கிறதா என்றுதான் பார்க்கிறது. காவல் படைகளின் அறிவிக்கைகளும் அந்தத் தெளிவுக்கு வரவேண்டும். வலியில்லாத பாதத்தை ஒரு விண்ணப்பத்துக்காக அறுப்பதைவிட விதியைத் திருத்துவது நியாயமானது.

சான்றுகள் காட்டும் வழி

இத்துறையின் அறுவை ஆய்வுகளில் பெரும்பாலானவை, ஒரு மருத்துவமனையில் சில பத்துக் குழந்தைகளுக்குச் செய்து, சில ஆண்டுகள் பார்த்துவிட்டு எழுதியவை. எக்ஸ்ரே கோணங்களை நுணுக்கமாக அளக்கிறார்கள். பிள்ளை பள்ளி மைதானத்தில் ஓடுகிறதா என்று கேட்டு எழுதியவை குறைவு. ஆகவே கோணம் திருந்தியதை மட்டும் வெற்றியாக எண்ணிவிடக் கூடாது. இருந்தும், வெவ்வேறு நாட்டு ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு தெளிவான வரிசை கிடைக்கிறது. வலியில்லாத நெகிழ்வான பாதத்துக்குச் சிகிச்சை வேண்டாம். வலியுள்ள நெகிழ்வான பாதத்துக்கு முதலில் மாதக்கணக்கில் கெண்டைத்தசைப் பயிற்சி, மெத்தென்ற இன்சோல், தேவையானால் எடைக் குறைப்பு. இவற்றை ஒழுங்காகச் செய்தும் எட்டுப் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு வலி தீராவிட்டால், மூட்டைக் காக்கும் எலும்பு வெட்டு அறுவை. கூடவே குதிகால் நாணின் குறையையும் தீர்ப்பது. விறைத்த பாதத்துக்கு உடனே காரணத்தைத் தேடுவது.

பெற்றோர் அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்திடுமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. பாதம் நெகிழ்வானதா, விறைத்ததா? குதிகால் நாண் குட்டையாக இருக்கிறதா, அதை அளந்து பார்த்தீர்களா? இந்த அறுவை எந்த வலிக்காக? செய்யாவிட்டால் என்ன ஆகும்? மூட்டு அசைவு எவ்வளவு மிஞ்சும்? உள்வைப்பு என்றால் எப்போது எடுப்பீர்கள்? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரை நம்பலாம். 'பின்னால் பிரச்சினை வரும், இப்போதே செய்துவிடுங்கள்' என்ற ஒற்றை வாக்கியம்தான் பதில் என்றால், குழந்தை எலும்பு நோய்களில் தேர்ந்த இன்னொருவரின் கருத்தைக் கேளுங்கள். அதற்காகச் சில வாரம் தாமதித்தால் நெகிழ்வான பாதத்துக்கு எந்தக் கேடும் வராது.

ஒரே காலில் மட்டும் குறை, ஓயாத வலி, எழும்பாத வளைவு, திடீரென்று விளையாட்டைக் கைவிடுவது ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஷூவைக் கழற்றிவிட்டு விளையாட அனுப்புங்கள்.